எதிரியிடம் எத்தனை நைட் இருக்கும் என்று எப்படிக் கணிப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 (ஊரை வளர்த்துப் படை சேர்த்து மோதும் கணினி ஆட்டம்), ஒற்றைக்கு ஒற்றை ஆட்டம். 17-ஆவது நிமிடத்தில் எதிரி காசில் ஏஜுக்கு, அதாவது நைட் செய்ய முடிகிற கட்டத்துக்கு, போய்விட்டார். 18:30-க்கு உங்கள் ஸ்கவுட் (வேவு பார்க்கும் குதிரை) அவருடைய ஊருக்குள் புகுந்து 4 நைட் (கவசக் குதிரைவீரர்), 2 ஸ்டேபிள் (நைட் உருவாகும் லாயம்), தங்கத்தில் 8 வில்லேஜர் (வேலையாள்) இதையெல்லாம் பார்த்துவிட்டுச் செத்தது. 21-ஆவது நிமிடத்தில் 20 கிராஸ்போவோடு (வில்லாளர்) போனீர்கள். அப்கிரேடில் ஃப்ளெட்சிங் (அம்பின் அடியை 1 கூட்டுவது) மட்டும் எடுத்திருந்தீர்கள். 4 நைட் 6 ஆகியிருக்கும் என்று நினைத்துப் போன இடத்தில் 11 வந்தது, அரை நிமிடத்தில் கதை முடிந்தது. ஆனால் மூலையில் ஓடும் ஸ்கோரில் இருவரும் ஏறக்குறைய சமம். "எதிரியின் படை பலத்தைத் தெரிந்துகொள்ள வழி உண்டா, இல்லை எல்லாரும் குருட்டாம்போக்கில்தான் ஆடுகிறீர்களா?" என்பது கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவரிடம் எத்தனை இருக்கிறது என்பது ஒன்று. நான் போய் மோதினால் தாங்குவேனா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஓரளவு நம்பகமான கணக்கு உண்டு. ஆனால் உங்களைத் தோற்கடித்தது பெரும்பாலும் இரண்டாவது. அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே குற்றவாளி எதிரி இல்லை.

நான் இந்த ஆட்டத்தை விடுதி அறையில் லேன் கேபிள் இழுத்து ஆடிய காலத்திலிருந்து ஆடுகிறேன். 1999-இல் வந்த ஆட்டம். 2019-இல் அதன் புதுப்பித்த வடிவமான டெஃபினிட்டிவ் எடிஷன் வந்த பிறகு திரும்பப் பிடித்துக்கொண்டது. இப்போது புதிதாக வரும் நாலைந்து பேருக்கு ரீப்ளே (ஆட்டத்தின் பதிவு) பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறேன். போட்டிகளில் ஆடும் அளவு கைவேகம் எனக்கு இல்லை. கணக்கு மட்டும் கொஞ்சம் வரும்.

சரி, ஸ்கோரை முதலில் ஒதுக்கிவிடலாம். அது படை, பொருளாதாரம், தொழில்நுட்பம், சமூகம் என்ற நான்கையும் கூட்டி வரும் ஒற்றை எண். அதில் படைக்கான பங்கும் நீங்கள் கொன்றதற்கும் இடித்ததற்கும் ஏறுவது, வைத்திருக்கும் படைக்காக ஏறுவது அல்ல. எவர் மீதும் கை வைக்காமல் 15 நைட்டைக் கோட்டைக்குப் பின்னால் வளர்த்து வைத்திருப்பவருக்கு அந்தப் பங்கில் சுழி. ஆகவே ஸ்கோர் சமம் என்றால் படை சமம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒருவர் ஸ்கோர் சட்டென்று பெரிதாக ஏறினாலோ நின்றுவிட்டாலோ "அங்கே ஏதோ நடக்கிறது" என்று குதிரையை அனுப்ப ஒரு காரணம் கிடைக்கும். என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது.

அடுத்தது ஸ்கவுட். பெரும்பாலானோர் ஸ்கவுட்டை அனுப்பிப் படையைத்தான் எண்ணுகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் எண்ணினேன். 18:30-க்குப் பார்த்த 4 நைட் என்பது 18:30-இன் செய்தி. 21:00-க்கு அது பழைய பேப்பர். மேப்பில் ஒருமுறை பார்த்துவிட்டு வந்த இடம் மங்கலாகிவிடும். அங்கே கட்டடங்கள் கடைசியாகப் பார்த்த நிலையில் நிற்கும், யூனிட் எதுவும் தெரியாது. கட்டடத்தை அதற்குள் அவர் இடித்திருந்தாலும் நீங்கள் மறுபடி போய்ப் பார்க்கும்வரை உங்கள் திரையில் அது நின்றுகொண்டேயிருக்கும். எனவே எண்ண வேண்டியது சீக்கிரம் மாறாதவற்றை. அவை மூன்று: படை உருவாகும் கட்டடம் எத்தனை, தங்கத்தில் எத்தனை பேர், எந்த நிமிடத்தில் ஏஜ் மாறினார். மூன்றாவதைத் தேடிப் போகவே வேண்டாம், ஏஜ் மாறும்போது ஆட்டமே எல்லாருக்கும் அறிவித்துவிடும். அந்த நிமிடத்தை மனதில் குறித்துக்கொள்ளத்தான் நமக்கு மறந்துபோகும்.

உங்கள் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு நைட் உருவாக 30 விநாடி ஆகும், 60 உணவும் 75 தங்கமும் செலவு. 17:00-இலிருந்து 21:00 வரை 240 விநாடி. ஒரு ஸ்டேபிளில் 8 நைட், இரண்டில் 16. இதைத் தாண்ட வழியே கிடையாது, இது உச்சவரம்பு. நடுவில் பிளட்லைன்ஸ் (குதிரைப்படையின் உயிரைக் கூட்டும் அப்கிரேட்) எடுத்திருந்தால் அது ஸ்டேபிளுக்குள்ளேயே நடக்கும் ஆராய்ச்சி. அந்த 50 விநாடி அந்த ஸ்டேபிளிலிருந்து குதிரை வராது, ஒன்றிரண்டு குறையும். ஆக, கட்டடக் கணக்கு 14-லிருந்து 16.

இப்போது தங்கக் கணக்கு. தங்கம் வெட்டும் ஒரு வில்லேஜர் நடை, கூட்டம், கவனமின்மை எல்லாம் போக நிமிடத்துக்கு 20 கொண்டுவருவார் என்று வைத்துக்கொள்வேன். அப்கிரேட் இருந்தால், தங்கத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கேம்ப் பாறையை ஒட்டி இருந்தால் இன்னும் கூடும். 20 என்றால் மனக்கணக்குக்கு வசதி. 8 பேர் என்றால் நிமிடத்துக்கு 160, நான்கு நிமிடத்துக்கு 640. இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், புதியவர்கள் விடுவது இதைத்தான். காசில் ஏஜுக்கு அழுத்தியபின் அது முடிய 160 விநாடி ஆகும். அந்த நேரம் முழுக்க அவர் நைட் செய்ய முடியாது, ஆனால் தங்கம் குவிந்துகொண்டேயிருக்கும். அதே 8 பேர் அப்போதும் இருந்தார்கள் என்றால் அது சுமார் 430. மொத்தம் 1070. அதில் பிளட்லைன்ஸுக்கு 100 தங்கம், குதிரைக் கவச அப்கிரேடான செயின் பார்டிங்குக்கு 150. மீதி 820. 75-ஆல் வகுத்தால் 11-க்கு மயிரிழை குறைவாக வரும். உங்கள் முன்னால் வந்து நின்றதும் 11.

விடை தெரிந்தபின் கணக்குப் போட்டு மெச்சிக்கொள்வது சுலபம், அதை ஒப்புக்கொள்கிறேன். அவர் அப்கிரேட் எதுவும் எடுக்காமலிருந்தால் 14 வந்திருக்கும். தங்கத்தை அடுத்த கட்டமான இம்பீரியல் ஏஜுக்குச் சேர்த்துக்கொண்டிருந்தால் 6. எனவே 21-ஆவது நிமிடத்தில் நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் "11" என்று சொல்லியிருக்க மாட்டேன். "10-லிருந்து 14, நிச்சயமாக 16-க்கு மேல் இல்லை" என்றிருப்பேன். இதில் உறுதி என்பது மேல்வரம்புதான். கட்டடமும் நேரமும் பொய் சொல்லாது. கீழ்வரம்பு எப்போதும் ஊகம், ஏனென்றால் கையில் காசு இருந்தும் செலவழிக்காதவர்கள் இந்த ஆட்டத்தில் ஏராளம். குறிப்பாக நாம் எல்லாரும் ஆடும் மட்டத்தில் 1000 உணவு சும்மா கிடக்கும், ஸ்டேபிள் தூங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் நினைத்த 6-ஐப் பாருங்கள். அந்த எண்ணுக்கு வர அவர் இரண்டரை நிமிடத்தில், இரண்டு ஸ்டேபிளை வைத்துக்கொண்டு, இரண்டே நைட் செய்திருக்க வேண்டும். அவ்வளவு மெத்தனமானவர் 17-ஆவது நிமிடத்தில் காசில் ஏஜில் இருக்க மாட்டார்.

ஒரு சின்ன வாய்ப்பாடு வைத்துக்கொண்டால் இதைச் சண்டை நடுவிலும் போடலாம். ஒரு ஸ்டேபிள் ஓயாமல் நைட் செய்ய நிமிடத்துக்கு 120 உணவும் 150 தங்கமும் வேண்டும். அதாவது 6 வயல், 7 அல்லது 8 தங்க வேலையாள். தங்கத்தில் 8 பேர் இருந்தால் ஒரு ஸ்டேபிள்தான் முழுநேரம் ஓடும், இரண்டாவது சேமித்து வைத்ததைச் செலவழிக்க மட்டும். 16 பேர் இருந்தால் பயப்படுங்கள். தங்கத்தில் யாருமே இல்லை, மரத்தில் கூட்டமாக இருக்கிறார்கள் என்றால் வருவது ஸ்கர்மிஷரும் (ஈட்டி எறிபவர்) ஈட்டிக்காரரும். ஆகவே ஊருக்குள் நுழையும் குதிரையை நேரே தங்கப் பாறைக்கு ஓட்டுவேன். படை எங்கே நிற்கிறது என்பது எப்படியும் தெரிந்துவிடும், அதுதான் குதிரையைத் துரத்துமே.

இரண்டாம் உலகப் போரில் இதற்கு ஒரு நிஜ உதாரணம் உண்டு. ஜெர்மனி மாதத்துக்கு எத்தனை டாங்கி செய்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. உளவறிக்கைகள் 1942 ஆகஸ்டுக்குச் சொன்னது 1,550. பிடிபட்ட டாங்கிகளின் கியர்பாக்ஸ் போன்ற பாகங்களில் இருந்த வரிசை எண்களை வைத்துப் புள்ளியியலாளர்கள் போட்ட கணக்கு 327. போர் முடிந்து ஜெர்மன் ஆவணங்களைப் புரட்டியபோது இருந்தது 342. களத்தில் கண்ணால் பார்த்தவர்களையும் காதில் கேட்டவர்களையும் விடத் தொழிற்சாலையின் வேகத்தைக் கணக்கிட்டவர்கள் நெருங்கி வந்தார்கள். அங்கே பயத்தில் எண் ஊதியது, உங்கள் ஆட்டத்தில் ஆசையில் சுருங்கியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதிகம் பேர் பயன்படுத்தாத இரண்டு சாளரங்கள் இருக்கின்றன. ஒன்று மார்க்கெட். அங்கே விலை உங்களுக்கு மட்டும் உரியது அல்ல, மேப்பில் உள்ள எல்லாருக்கும் ஒரே விலை. உணவும் மரமும் 100-இல் தொடங்கும். ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்தில் நீங்கள் ஒரு முறைகூட வாங்கவோ விற்கவோ இல்லை, ஆனால் உணவு விலை ஏறியிருக்கிறது என்றால் அவர் தங்கம் கொடுத்து உணவு வாங்கியிருக்கிறார். பெரும்பாலும் ஏஜ் மாறுவதற்காக. அந்தத் தங்கம் நைட்டாக மாறவில்லை என்று உங்கள் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். கல் விலை சரிந்து கிடந்தால் கோட்டை கட்ட வைத்திருந்ததை விற்றுவிட்டார், படைக்குப் போடுகிறார் என்று அர்த்தம். நான்கு பேருக்கு நான்கு பேர் ஆடும்போது யார் விற்றார் என்று தெரியாததால் இதனால் பயனில்லை.

இன்னொன்று இம்பீரியல் ஏஜில் கோட்டையில் வரும் ஸ்பைஸ் என்ற ஆராய்ச்சி. அதை வாங்கினால் எதிரி பார்ப்பதெல்லாம் நமக்கும் தெரியும். வாங்க வசதி யாருக்கும் வராது. வாங்க வேண்டியதும் இல்லை, விலையைப் படித்தால் போதும். எதிரியின் ஒவ்வொரு வில்லேஜருக்கும் 200 தங்கம் என்று விலை வைத்திருக்கிறார்கள். மவுஸை அதன்மேல் வைத்தால் 22,400 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அவரிடம் 112 வில்லேஜர். மக்கள்தொகை வரம்பு 200. மீதி 88-க்குள்தான் படை, வணிக வண்டி, பாதிரியார் எல்லாம் அடங்க வேண்டும். ஒரு காசு செலவில்லாமல் கிடைக்கும் மேல்வரம்பு இது. இதை முதன்முதலில் ஒரு நண்பன் காட்டியபோது ஏமாற்று வேலையோ என்று நினைத்தேன். ஆட்டம் நம் கண் முன்னாலேயே எழுதி வைத்திருப்பதைப் படிப்பதில் என்ன ஏமாற்று!

இதுவரை எண்ணிக்கை. இப்போது பலம்.

எதிரியின் யூனிட் ஒன்று கண்ணில் பட்டால் அதை ஒரு தட்டு தட்டுங்கள், கீழே அதன் விவரம் வரும். நைட்டுக்கு வாள் சின்னத்தின் பக்கத்தில் 10 என்றோ 10+1 என்றோ இருக்கும், கேடயத்தின் பக்கத்தில் 2/2 அல்லது 2+2/2+2 (வெட்டுக்கு ஒன்று, அம்புக்கு ஒன்று). உயிர் 100 அல்லது 120. அரை விநாடி வேலைதான் இது. ஆனால் நான் சொல்லிக்கொடுக்கிறவர்களில் ஒருவருக்கும் இந்தப் பழக்கம் முதலில் இருந்ததில்லை, ஓடும் குதிரையைத் தட்ட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும். அந்தக் கூட்டல் குறிக்குப் பின்னால் இருக்கும் எண்தான் உங்கள் ஆட்டத்தைத் தீர்மானித்தது.

கணக்கைப் பாருங்கள். இந்த ஆட்டத்தில் அடி என்பது தாக்குதலிலிருந்து கவசத்தைக் கழித்தால் வருவது, குறைந்தபட்சம் 1. உங்கள் கிராஸ்போவின் தாக்குதல் 5, ஃப்ளெட்சிங்கோடு 6. அவருடைய நைட்டுக்கு அம்புக் கவசம் இயல்பாக 2. ஸ்கேல் பார்டிங்கும் செயின் பார்டிங்கும் சேர்ந்தால் மொத்தம் 4. ஆக ஒரு அம்புக்கு 2. பிளட்லைன்ஸோடு உயிர் 120. ஒரு நைட்டைச் சாய்க்க 60 அம்பு. பதினொன்றுக்கு 660. உங்கள் 20 பேரும் ஒன்றுகூடத் தவறாமல் எய்தாலும் 33 சுற்று. சுற்றுக்கு உத்தேசமாக 2 விநாடி வைத்தால் ஒரு நிமிடத்துக்கு மேல். அந்தப் பக்கம், 10 தாக்குதல் உள்ள நைட் 35 உயிர் உள்ள கிராஸ்போவை 4 வெட்டில் முடிக்கும், அதாவது ஏழெட்டு விநாடி. எல்லா நைட்டும் ஒட்டிவிட்டால் 15, 20 விநாடியில் உங்கள் படை இல்லை. அரை நிமிடம் தாக்குப் பிடித்தீர்கள் என்றால் ஓடி ஓடி எய்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது, கைவேகம் நன்றாகவே இருக்கிறது.

இதே சண்டையில் உங்களிடம் ஃப்ளெட்சிங்குக்கு அடுத்த அப்கிரேடான பாட்கின் ஆரோ இருந்திருந்தால்? விலை 200 உணவு, 100 தங்கம். தாக்குதல் 7, அடி 3. 60 அம்பு 40 ஆகிவிடும். 20 கிராஸ்போ 30 கிராஸ்போவின் வேலையைச் செய்திருக்கும். அந்த 10 கிராஸ்போவைத் தனியே உருவாக்க 250 மரமும் 450 தங்கமும் ஆகியிருக்கும். எதிர்ப்பக்கம் கவசமே எடுக்காத, பிளட்லைன்ஸ் இல்லாத 11 நைட்டாக இருந்திருந்தால் பாட்கினோடு ஒரு அம்புக்கு 5, நைட்டுக்கு 20 அம்பு போதும். அதாவது "11 நைட், 20 கிராஸ்போ" என்ற ஒரே வாக்கியத்துக்குள் 660 அம்பு தேவைப்படும் சண்டையும் இருக்கிறது, 220 அம்பில் முடியும் சண்டையும் இருக்கிறது. மூன்று மடங்கு வித்தியாசம். தலையை எண்ணுவதில் நாம் செய்யும் பிழை ஒருநாளும் அவ்வளவு பெரிதாக இருப்பதில்லை. குற்றவாளி எதிரி இல்லை என்று மேலே சொன்னது இதைத்தான். அவர் எத்தனை வைத்திருக்கிறார் என்று கவலைப்பட்ட நேரத்தில் உங்கள் பிளாக்ஸ்மித் (இந்த அப்கிரேடுகளை எடுக்கும் பட்டறை) சும்மா கிடந்தது.

படையை எடை போட நான் மூலப்பொருளைப் படிக்கல்லாக வைத்துக்கொள்வேன். நைட் 135, கிராஸ்போ 70. அவருடையது 1,485, உங்களுடையது 1,400. ஸ்கோர் சமமாக இருந்ததில் ஆச்சரியமே இல்லை, இருவரும் ஒரே அளவு உழைத்திருக்கிறீர்கள். ஆனால் இந்தப் படிக்கல்லும் கொஞ்சம் கள்ளத் தராசுதான். நீள ஈட்டி ஏந்தும் ஒரு பைக்மேனுக்கு 35 உணவும் 25 மரமும்தான், தங்கமே வேண்டாம், எடையில் நைட்டில் பாதிகூட இல்லை. குதிரைக்கு எதிரே நின்றால் அதற்கு 22 கூடுதல் அடி. அதே பைக்மேனைக் கிராஸ்போ முன்னால் நிறுத்தினால் நடந்து வந்து சேர்வதற்குள் செத்துவிடும். எனவே எடை பார்த்தபின் "என்னுடைய எதன்மேல் அது வந்து விழப்போகிறது" என்பதையும் பார்க்க வேண்டும். உங்கள் 20 கிராஸ்போவில் ஆறைக் குறைத்து அந்தக் காசுக்கு 7 பைக்மேனை முன்னால் நிறுத்தியிருந்தால் முடிவு என்ன ஆகியிருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நைட்டுகள் அவ்வளவு சுலபமாக ஒட்டியிருக்காது.

எண்ணிக்கை கூடும்போது பலம் எப்படிக் கூடுகிறது என்பதும் யூனிட்டைப் பொறுத்தது. லான்செஸ்டர் என்ற ஆங்கிலேய கார்ப் பொறியாளர் முதல் உலகப் போர்ச் சமயத்தில் இதைச் சமன்பாடாக எழுதினார். தூரத்திலிருந்து குறிபார்த்து அடிக்கும் படைகளுக்குப் பலம் எண்ணிக்கையின் வர்க்கமாக ஏறும் என்பது அவர் சொன்னது. 30 வில்லாளர் 20 வில்லாளரோடு மோதினால் மிஞ்சுவது 10 அல்ல, 22. 900-லிருந்து 400-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் வருவது அது. கைகலப்பில் முன்வரிசை மட்டும்தான் வெட்டும், பின்னால் இருப்பவர் இடத்துக்காகக் காத்திருப்பார், அங்கே வித்தியாசம் அவ்வளவு வேகமாகப் பெருகாது. நடைமுறையில் இதற்கு ஒரு பொருள் உண்டு. எதிரி வில்லாளர் கூட்டம் என்றால் உங்கள் கணிப்பில் 5 தப்பினாலும் பெரிய விலை கொடுப்பீர்கள், நைட் கூட்டம் என்றால், குறுகலான இடத்தில் சந்தித்தால், கொஞ்சம் தப்பலாம். உங்கள் ஆட்டத்தில் பின்னால் வந்துகொண்டிருந்த கிராஸ்போக்களை இரண்டு மூன்றாகச் சண்டைக்குள் விட்டிருந்தீர்கள் என்றால் அவை கணக்கிலேயே சேராது. மேட்டிலிருந்து அடித்தால் அடி கால் பங்கு கூடும், மேட்டை நோக்கி அடித்தால் கால் பங்கு குறையும், அதையும் மறக்கக் கூடாது.

எதிரி எந்த நாட்டை எடுத்திருக்கிறார் என்பது மேலே சொன்ன எல்லாவற்றையும் கலைத்துவிடக்கூடியது. 2022-இல் சேர்ந்த திராவிடர்களை எடுத்துக்கொள்ளுங்கள், தட்டினால் தமிழில் பேசுவார்களே, அவர்கள்தான். அவர்களுக்கு நைட்டே கிடையாது. எனவே ஸ்டேபிளைப் பார்த்ததும் நைட் கணக்கில் இறங்கினால் தப்பு. பின்னால் அவர்கள் எடுக்கும் ஊட்ஸ் ஸ்டீல் என்ற அப்கிரேட் வந்துவிட்டால் அவர்களுடைய காலாட்படையும் குதிரைப்படையும் வெட்டும் அடிக்கு நம் கவசம் இல்லாததற்குச் சமம். நாம் பார்த்துப் பார்த்து எடுத்த கவச அப்கிரேடைக் கழித்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்போம், அவர்களுடைய உருமிக்காரர் (சுருள்வாள் வீரர்) அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். நாட்டுக்கு நாடு இப்படி ஒன்றிரண்டு இருக்கிறது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், அடிக்கடி சந்திக்கும் பத்தை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். மூன்று நைட்டை மட்டும் கண்ணில் படும்படி உலவவிட்டு மற்றவற்றைக் காட்டுக்குப் பின்னால் நிறுத்துவது பழைய வித்தை. எனக்கே ஒருமுறை நடந்தது. தங்கப் பாறை அருகே 6 நைட் நின்றது, நானும் 14 கிராஸ்போவோடு தைரியமாகப் போனேன், மரம் வெட்டும் கேம்புக்குப் பின்னாலிருந்து இன்னொரு 11 வந்தது. கட்டடத்தை எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும், மூன்றாவது ஸ்டேபிள் என் குதிரை பார்க்காத மூலையில் இருந்தது. இதுதான் இந்த முறையின் பெரிய ஓட்டை. பார்க்காத கட்டடம் கணக்கில் வராது, மேல்வரம்பு உறுதி என்று நான் சொன்னதெல்லாம் ஊர் முழுக்கச் சுற்றிப் பார்த்திருந்தால்தான். சுவர் எழுப்பி அடைத்துவிட்டவரிடம், தீவு மேப்பில், கூட்டணி ஆட்டத்தில் நண்பர் தங்கம் அனுப்பும்போது, எல்லாம் கணிப்பு பாதியாகத்தான் நிற்கும். அப்படிப்பட்ட இடங்களில் நான் கட்டட உச்சவரம்பை முழுசாக நம்பி அதற்கேற்ற படை சேரும்வரை போகாமலிருப்பேன். கோழைத்தனம் என்று கேலி செய்வார்கள், பரவாயில்லை. கம்ப்யூட்டரோடு ஆடும்போது ஒரு நிம்மதி, டெஃபினிட்டிவ் எடிஷனின் ஏஐ இலவசமாகச் சரக்கு வாங்கிக்கொள்வதில்லை, எனவே இதே கணக்கை அதன்மேல் பழகலாம்.

பழகுவதற்கு எனக்குப் பயன்பட்ட வழி ரீப்ளே. ஆட்டம் முடிந்ததும் உங்கள் பார்வையில் மட்டும் ஓடவிடுங்கள். 15, 18, 21 என்று மூன்று இடத்தில் நிறுத்தி "இப்போது அவரிடம் இத்தனை" என்று ஒரு தாளில் எழுதுங்கள், குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று இரண்டு எண்ணாக. பிறகு பார்வையை எதிரிக்கு மாற்றி உண்மையை எண்ணுங்கள். ஒரு இருபது ஆட்டம் இப்படிச் செய்தபோது எனக்குத் தெரிந்தது, நான் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எப்போதும் குறைத்து எழுதுகிறேன், அடி வாங்கியபின் எப்போதும் கூட்டி எழுதுகிறேன். இப்போதும் அந்தக் குணம் போகவில்லை. அடி வாங்கியிருந்தால் மனதில் வரும் எண்ணில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். உங்கள் சாய்வு வேறு திசையில் இருக்கலாம்.

இந்த ஆட்டத்தின் ரீப்ளேயிலேயே தொடங்குங்கள். 20:00-இல் நிறுத்தி அவருடைய தங்கத்தில் எத்தனை பேர் என்று பாருங்கள். 8 பேர்தானா, இல்லை ஸ்கவுட் செத்தபிறகு கூடியிருந்தார்களா என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. 12 பேர் இருந்தால் என் 11 கணக்கு தற்செயலாகப் பொருந்தியது என்று ஒப்புக்கொள்கிறேன்.